பேரேட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கணினி புகுந்து வருகிறது. ஆயினும் ‘தரவுத்தளம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மலைக்கும் அங்கத்தினர் பலர். நாம் நெடுநாள் அறிந்த பேரேட்டிற்கு அது நெருங்கிய உறவே.

புதிதாகக் கற்பவர் உடனே திரையின் முன் அமர வேண்டுவதில்லை. தாளும் பென்சிலும் போதும். அங்கத்தினர் பெயர், முகவரி, பெற்ற பாவு, ஊடை நூல், ஒப்படைத்த சேலை, கூலி ஆகிய அனைத்தையும் ஒரே நீண்ட பட்டியலாக எழுதவே எவருக்கும் முதலில் தோன்றும். அவ்வாறு எழுதினால், 40 முறை நூல் பெற்றவரின் முகவரியை 40 முறை எழுத நேரும். அவர் வேறு தெருவுக்குக் குடிபோனால் 39 இடங்களில் திருத்தி ஓரிடத்தில் விட்டுவிடுவோம்.

ஆதலின் பட்டியலைப் பிரிக்கிறோம். அங்கத்தினர் அட்டவணையில் ஒருவருக்கு ஒரே வரி. நூல் வழங்கல் அட்டவணையில் ஒவ்வொரு வழங்கலுக்கும் ஒரு வரி. அங்கே பெயர் வேண்டாம், அங்கத்தினர் எண் போதும். சேலை வரவுக்கும் அவ்வாறே. விவசாயிகள் சங்கத்தில் நூலுக்குப் பதில் உரம் என்று கொள்க. இவ்வாறு அட்டவணைகளைப் பொதுவான எண்ணால் இணைக்கும் முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வகுத்துரைத்தார்.

அந்த எண்ணில்தான் அங்கத்தினரின் பணம் தங்கியிருக்கிறது. மு. கந்தசாமி என்ற பெயரில் ஒரே ஊரில் இருவர் இருப்பது வியப்பன்று. பெயரைக் கொண்டு கணக்கெழுதினால் ஒருவர் நெய்த கூலி மற்றவர் பேரில் ஏறிவிடும். கணினி அதற்காக வெட்கப்படாது! எண்ணை முதன்மைத் திறவுகோலாகக் குறித்துவிட்டால், அதே எண்ணில் இரண்டாம் அங்கத்தினரைப் பதிய மென்பொருளே மறுத்துவிடும். காலஞ்சென்றவரின் எண்ணையும் புதியவருக்கு வழங்கலாகாது. வழங்கினால் பழைய நூல் பாக்கி புதியவர் தலையில் விழும்.

பயிற்சிக்கு, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பிலுள்ள ‘பேஸ்’ போதுமானது. கற்பனையாக 5 அங்கத்தினரையும் 10 வழங்கல்களையும் பதிந்து, 3-ஆம் எண்ணுக்குரியவர் பெற்ற நூல் மொத்தம் எத்தனை கிலோ என்று வினவிப் பாருங்கள். விடையைக் கையால் கூட்டிச் சரிபாருங்கள். உண்மைக் கணக்கை ஏற்றியபின், நாள்தோறும் மாலையில் நகலொன்றை வேறு வட்டில் எடுத்து வைக்க வேண்டும். சில மாதங்கள் இரு கணக்கும் ஒத்துவரும் வரை பழைய பேரேட்டைப் பரணில் ஏற்ற வேண்டாம்.