பஸ்ஸில் ஓர் இடம், பஞ்சாயத்தில் ஒரு நாற்காலி

விடிவதற்கு முன்பே பரவை மார்க்கெட் விழித்துவிடுகிறது. டவுன் பஸ் வந்து நின்றதும் முதலில் ஏறுவது கூடைகள்தான். கீரைக்கட்டும் முருங்கையும் கத்தரிக்காயும் நிறைந்த கூடைகளை ஒருத்தி கீழிருந்து தூக்கிக் கொடுக்க, இன்னொருத்தி படியில் நின்று வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தள்ளுகிறாள். மதுரைத் தெருக்களில் கூவி விற்கப் போகிற பெண்கள் அவர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதம் முதல் அவர்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. காலியாக இருக்கிற இடத்தில் உட்காருகிறார்கள், இல்லையென்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு யாரும் எழுந்து போவதில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று இளைஞர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்க முடிகிற இடத்துக்கு நாம் வந்து சேர நெடுங்காலம் ஆனது.

சென்னை மாகாணத்தில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டோம் என்று சொன்ன பஸ் முதலாளிகள் தென் மாவட்டங்களில் இருந்தார்கள். காசு கொடுத்தாலும் ஏற முடியாது. அப்போது ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். மேடையில் சமத்துவம் பேசியதோடு அவர் நிற்கவில்லை. யாரையும் சாதி சொல்லி ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டார். முதலாளிகளின் மனம் மாறும் வரை அவர் காத்திருக்கவில்லை. உத்தரவு முன்னே போனது, மனம் பின்னால் வந்தது.

அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் இதே கதை நடந்தது. அந்த ஊர் பஸ்களில் முன் இருக்கைகள் வெள்ளையருக்கு. கறுப்பின மக்கள் பல நேரம் முன் வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, மறுபடி இறங்கி, பின் வாசல் வழியாக ஏற வேண்டும். நடுவில் உட்கார்ந்திருந்தாலும் வெள்ளையர் வந்தால் எழுந்துகொள்ள வேண்டும். ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண் எழுந்திருக்க மறுத்தார். கைது செய்தார்கள். ஊரிலிருந்த கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அந்த நடையைத் தலைமை தாங்கி நடத்திய மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 26 வயது. பஸ்ஸில் இனப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகுதான் அவர்கள் திரும்ப ஏறினார்கள், முன் இருக்கைகளில்.

அதே கிங் 1959 பிப்ரவரியில் காந்தியின் நாட்டைப் பார்க்க வந்தார். அந்தப் பயணத்தில் காந்திகிராமமும் மதுரையும் உண்டு. மதுரையிலிருந்து பரவையைத் தாண்டித் திண்டுக்கல் போகிற சாலையில், சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். பின்பு திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி. யோசித்துப் பார்த்தபோது அது உண்மைதான் என்று பட்டது. 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தம் தேவாலயத்தில் பேசும்போது இந்த நிகழ்ச்சியை அவரே விவரித்தார்.

அவர் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மதுரை ஒரு பெரிய வாசலைத் திறந்திருந்தது. 1939 ஜூலை 8 காலையில் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஆதரவாக நின்றார். ஆனால் ஒரு தரப்பு, அம்மன் கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வேறு இடத்தில் பூஜை வைத்தது. ஐயரின் சொந்தச் சமூகத்திலேயே பலர் அவரை ஒதுக்கினார்கள். நுழைந்தவர்கள் மீது வழக்கு வராமல் காக்க, ராஜாஜி அரசு அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்தது. இங்கேயும் துணிந்து நடந்தவர்களின் காலடியும் ஆட்சியில் இருந்தவரின் கையெழுத்தும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் கதவு நிலையாகத் திறந்தது.

அன்று உள்ளே போனவர்களில் ஒருவர் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த பி. கக்கன். பின்னாளில் அவர் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சர். 1967 தேர்தலில் தோற்றதும் அரசு காரை விட்டுவிட்டு பஸ் ஏறினார். மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் அவர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்ததை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கண்டதை இன்றும் மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். கக்கனின் எளிமையைப் போற்றுகிற நாம், எந்தக் கோயில் வாசலிலிருந்து அவர் புறப்பட்டு வந்தார் என்பதை மறந்துவிடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அமெரிக்காவிலும் சொல்லோடு சட்டம் சேர வேண்டியிருந்தது. 1963 ஜூன் 11 இரவு அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, நிறத்தின் பேரால் மனிதரைப் பிரிப்பது அறத்தின் கேள்வி என்று நாட்டு மக்களிடம் பேசினார். அந்த இரவு முடிவதற்குள் மிசிசிப்பியில் மெட்கர் எவர்ஸ் என்ற உரிமைப் போராளி தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஜூலை 2 அன்று கென்னடிக்குப் பின் அதிபரான ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் கிங் ஆற்றிய உரையை உலகமே கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் அந்தச் சொற்கள் காற்றோடு போகாமல் இருந்ததற்கு, அவற்றுக்குப் பின்னால் வந்த இந்தச் சட்டங்களே காரணம்.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு மதுரை மாவட்டம் ரத்தத்தில் பதில் எழுதியிருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கு நடுவே முருகேசன் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய பஸ்ஸை மறித்து, அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பஸ்ஸில் யாரும் எங்கும் உட்காரலாம் என்று ஆகிவிட்ட காலம் அது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததைத்தான் பொறுக்கவில்லை.

இதே மாவட்டத்தில் உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குப் பத்து ஆண்டுகள் தேர்தல் முறையாக நடக்கவில்லை. யாரும் மனு போட மாட்டார்கள், போட்டு வென்றாலும் உடனே ராஜினாமா. 2006-இல் கலைஞர் அரசு உறுதியாக நின்றது. கலெக்டர் த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் எல்லாத் தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது, வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். 2008 மே மாதம் உத்தப்புரத்தில் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து இரு தெருக்களுக்கு நடுவே நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஊராரோடு அமர்ந்து கிராம சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். தேர்தல் நடக்கவே வழியில்லை என்றிருந்த ஊர் அது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருகிறவர்கள் இறங்கியதும் வேறு வேறு தெருக்களுக்குப் பிரிந்து போகிறார்கள். சுடுகாடும் பல ஊர்களில் இன்னும் இரண்டுதான். சாதி மாறிக் கல்யாணம் என்றால் பேச்சே மாறுகிறது. இதற்கெல்லாம் லைசென்ஸை ரத்து செய்யும் சௌந்தரபாண்டியனார் யார், எப்போது வருவார் என்று கேட்கும் உரிமை ஓட்டுப் போடுகிற நமக்கு இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் கை கூப்பி வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் அதைக் கேளுங்கள்.

தும்பைப்பட்டியில் கக்கனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. மேலவளவில் முருகேசனுக்கும் அவரோடு மாண்டவர்களுக்கும் நினைவிடம் இருக்கிறது. இரண்டும் மேலூர் வட்டத்துக்குள்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள். பஸ்ஸிலேயே போங்கள்.