புறங்கைக்கு அடி, உள்ளங்கைக்குக் காப்பு

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டாலும் பழகிய வாய்க்கு அது இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கே அபர்டீன் பஜாரில் ஹாக்கிக் கையுறை கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கிரிக்கெட் கிளவுஸ் இருக்கும், கால்பந்து கோல்கீப்பர் கிளவுஸ் இருக்கும், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் பாதிவிரல் கிளவுஸும் இருக்கும். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் தள்ளியிருக்கும் தீவில், கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குவது இயல்பு. ‘வெறுங்கைக்கு இது மேல்தானே?’ என்று தோன்றும்.

சில கையுறைகள் மேல்தான். சில, வெறுங்கையைவிட மோசம். எது எப்படி என்று தெரிய, ஹாக்கியில் கையின் எந்தப் பக்கம் அடிபடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அடி விழும் இடம்

ஹாக்கி மட்டையில் இடதுகைக்காரர்களுக்கு என்று தனி வகை கிடையாது. எல்லா மட்டைக்கும் இடப்பக்கம்தான் தட்டை. அதனால் யார் ஆடினாலும் இடது கை மட்டையின் உச்சியில், வலது கை அதற்குக் கீழே. மட்டையைத் திருப்புவது இடது கை. வலது கை ஒரு குழாய் போலத் தளர்ந்து பிடித்து, மட்டை தனக்குள் சுழல இடம் கொடுக்க வேண்டும். இந்தியர்களின் டிரிபிளிங் என்று உலகம் வியந்த வித்தை முழுக்க இந்த இரண்டு கைகளின் பங்கீட்டில்தான் இருக்கிறது.

பந்தை மறிக்க மட்டையைத் தரையோடு படுக்கவைக்கும்போதும், ரிவர்ஸில் ஓங்கி அடிக்கும்போதும் இடது கையின் விரல் முட்டிகள் தரையை உரசுகிற அளவுக்குத் தாழ்கின்றன. எதிராளியின் மட்டை வந்து மோதுவதும் அங்கேதான், மேடு பள்ளத்தில் எகிறிய பந்து வந்து விழுவதும் அங்கேதான். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்த பிறகு உடம்பைத் தாழ்த்தி ஆடுவது கூடியது, முட்டித்தோல் உரிவதும் கூடியது. ஹாக்கிக் கையுறைகள் பெரும்பாலும் ஜோடியாக இல்லாமல் இடது கைக்கு மட்டும் ஒற்றையாக விற்கப்படுவதன் காரணம் இதுதான்.

பந்து லேசானதும் அல்ல. அதன் எடை 156 முதல் 163 கிராம், ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் எடை. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அதை நோக்கி முதல் ஆளாக ஓடுகிற ‘ரஷர்’ முகமூடியும் முழங்கால் காப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு ஓடுவது சும்மா அல்ல. இந்திய அணியில் அமித் ரோஹிதாஸ் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆக, ஹாக்கிக் கை கேட்பது இரண்டு. புறங்கையிலும் விரல்களின் மேற்பக்கத்திலும் அடியை வாங்கிக்கொள்ளும் திண்டு. உள்ளங்கையில், மட்டையின் பிடி உணரக்கூடிய மெல்லிய துணி அல்லது தோல். இரவல் கையுறைகளில் பல இதற்கு நேர் எதிராகச் செய்யப்பட்டவை.

சைக்கிள் கையுறை

அந்தமானில் இது எளிதில் கைக்கு வரக் காரணம் உண்டு. தீவுகளின் பெயரை உலக விளையாட்டு அரங்கில் ஒலிக்கவைத்தது சைக்கிள். ஒன்பது வயதில் சுனாமியில் உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்டு, 2018-இல் ஜூனியர் உலக டிராக் போட்டியில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பன் ஆகியோரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு ஜோடி சைக்கிள் கையுறை கிடப்பதில் ஆச்சரியமில்லை.

அந்தக் கையுறை எதற்கு? ஹேண்டில்பாரில் மணிக்கணக்கில் சாய்ந்திருந்தால் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியில் ஓடும் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். அதைத் தடுக்கத்தான் உள்ளங்கையில் ஜெல் திண்டு. புறங்கையில் காற்று போவதற்காக வெறும் வலைத்துணி. விரல்கள் பாதியில் திறந்தே இருக்கும்.

ஹாக்கி மட்டையைப் பிடித்தால் அந்த ஜெல் திண்டு கைக்கும் மட்டைக்கும் நடுவே ஒரு மெத்தை போல உட்கார்ந்துகொள்ளும். பிடி நழுவுவதாகத் தோன்றும். ஆடுகிறவர் தன்னை அறியாமல் இறுக்கிப் பிடிப்பார், முன்னங்கை சீக்கிரம் களைக்கும். பந்து வந்து படுகிற புறங்கையிலோ ஒன்றுமே இல்லை. தரையில் உரசும்போது தோல் உரிவதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஜிம் கையுறைக்கும் இதே கணக்கு.

இதைவிடக் கவலை தருவது மனசு. கையில் ஏதோ போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில், வெறுங்கையாக இருந்தால் நீட்டத் தயங்கும் இடத்தில் கையை நீட்டிவிடுகிறோம்.

கிரிக்கெட் கையுறையில் பாதி நியாயம்

இரவல்களில் ஓரளவு அறிவோடு தேர்ந்தெடுக்கப்படுவது பேட்டிங் கிளவுஸ்தான். அதுவும் ஏறக்குறைய அதே எடையுள்ள பந்தை எதிர்கொள்ளச் செய்யப்பட்டது, திண்டும் விரல்களின் மேற்பக்கத்தில்தான் இருக்கிறது. பெனால்டி கார்னர் பயிற்சியில் ரஷராக ஓடுகிறவர் இதைப் போட்டுக்கொண்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் முழு ஆட்டத்துக்கும் போடுவது வேறு விஷயம். பேட்டைப் பிடிக்கிறவர் பந்து வருமுன் பிடியை அமைத்துக்கொண்டு நிற்கிறார். ஹாக்கியில் நொடிக்கு நொடி மட்டை கைக்குள் சுழல்கிறது. வலது கையிலும் பேட்டிங் கிளவுஸ் போட்டால், விரல்களுக்கு நடுவே உள்ள உருளைத் திண்டுகள் அந்தச் சுழற்சியை மறிக்கும். மட்டை சுழலாத குறையை மணிக்கட்டு ஈடுகட்டப் பார்க்கும். நாள் முழுதும் அப்படி ஆடியவருக்கு மறுநாள் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலித்தால், அடி எங்கேயும் படவில்லையே என்று யோசிக்க வேண்டாம்.

விதியும் குறுக்கே வரும். களவீரர் கையுறை போடலாம், ஆனால் அது கையின் இயல்பான அளவைப் பெரிதாகக் கூட்டக் கூடாது என்பது சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் விதி. மற்றவர்களுக்கு ஆபத்தான எதையும் அணியக் கூடாது என்றும் உண்டு. முட்டியில் கெட்டிப் பிளாஸ்டிக் பதித்த மோட்டார் சைக்கிள் கையுறையோடு வருகிறவரை நடுவர் திருப்பி அனுப்பினால் அவரிடம் கோபித்துக்கொள்ள இடமில்லை.

லேட்டக்ஸும் பனிக்கட்டியும்

கால்பந்து கோல்கீப்பர் கையுறையின் உள்ளங்கை லேட்டக்ஸ் நுரை. பந்து ஒட்டிக்கொள்ளவே அது. ஹாக்கி மட்டையும் ஒட்டிக்கொள்ளும், அதுதான் தொல்லை. சில கையுறைகளில் விரல்கள் பின்னால் வளையாமலிருக்க உள்ளே பட்டைகள் வைத்திருப்பார்கள். அவற்றோடு மட்டையை முழுதாகப் பற்றுவதே பாடு. காற்றடைத்த தோல்பந்தின் உதைக்குத் தாக்குப்பிடிக்கும் நுரை, கெட்டியான ஹாக்கிப் பந்துக்கு ஈடாகாது. ஹாக்கி கோல்கீப்பர் இதைப் போட்டு நிற்பது எலும்பைப் பணயம் வைப்பதுதான். அவருக்கென்று கெட்டி நுரையில் செய்த கைக்காப்புகள் உண்டு, விதிப்படி 228 மில்லிமீட்டர் அகலம், 355 மில்லிமீட்டர் நீளம் வரை. அது இல்லாவிட்டால் அன்றைக்குக் கோலில் யாரும் நிற்காமல், கூடை போட்டு வைத்து அதில் அடித்துப் பழகலாம்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘ஹாக்கி கிளவுஸ்’ என்று தேடினால் மணிக்கட்டையும் மூடும் பூதாகரமான கையுறைகளும் வந்து நிற்கும். அவை பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கிக்கு உரியவை. தீவுக்குப் பார்சல் வந்து சேர்ந்த பிறகு திருப்பி அனுப்புவது பெரும்பாடு. ‘ஃபீல்டு ஹாக்கி, இடது கை’ என்று சேர்த்துத் தேடுங்கள்.

சரியான கையுறை கைக்கு வரும்வரை? மறிக்கும் பயிற்சியை டென்னிஸ் பந்தில் வைத்துக்கொள்ளலாம். குனிந்து மட்டையைப் படுக்கவைக்கும் நுட்பம் அப்படியே பழகும், முட்டியும் மிஞ்சும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையுறை இருந்தாலும்கூடத் தொடக்கத்தில் இதுவே நல்லது.

விரலில் அடிபட்டால்

முதல் வேலை, மோதிரம் இருந்தால் கழற்றுவது. பத்து நிமிடம் கழித்து வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தல். மீன் வாங்கும் இடமெல்லாம் ஐஸ் கிடைக்கிற ஊரில் இதற்குச் சாக்கு சொல்ல முடியாது.

‘விரலை அசைக்க முடிகிறதே, அப்போ எலும்பு உடையலே’ என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. தவறு. உடைந்த விரலும் அசையும். வேறொரு சோதனை இருக்கிறது. மெதுவாக முஷ்டி பிடித்து உள்ளங்கைப் பக்கமாகப் பாருங்கள். நான்கு விரல் நுனிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்தால், எலும்பு உடைந்து முறுக்கியிருக்கிறது. நேராக நீட்டிப் பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது, மடக்கினால்தான் தெரியும். இப்படியே கூடிவிட்டால் பிறகு மட்டை மட்டுமல்ல, சட்டி பானை பிடிப்பதும் சிரமம்.

பந்து விரல் நுனியில் நேராகப் பட்டால் மேல் கணு தொங்கிப்போகும், தானாக நிமிர்த்த முடியாது. வலி அவ்வளவாக இராது என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். நுனியை நிமிர்த்திய நிலையில் பட்டை வைத்து ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் வைத்திருப்பதே சிகிச்சை. குளிக்கும்போது கழற்றி ஒரு தரம் மடக்கினாலும் நாள்கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கணு விலகினால் மைதானத்திலேயே ஒருவர் பிடித்து இழுக்க ஓடி வருவார். எல்லா அணியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். விலகலோடு முறிவும் இருக்கலாம், இழுப்பதில் எலும்புத் துண்டு மூட்டுக்குள் மாட்டிக்கொள்ளவும் கூடும். சுளுக்கு எடுப்பவரிடமும் கட்டுப் போடுபவரிடமும் போகுமுன் ஓர் எக்ஸ்ரே. போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை, கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை. சின்னத் தீவில் இருந்தால், அடுத்த கப்பல் வரும்வரை அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு நடுவே பஞ்சு வைத்துச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். தோல் கிழிந்து உள்ளே எலும்பும் உடைந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. எலும்பில் சீழ் பிடித்தால் அது மாதக்கணக்கு வைத்தியம்.

ஈரக் கையுறை, ஈர மண்

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, இரண்டு பருவமழையும் நனைக்கும் மண். இங்கே கையுறை காய்வதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். வியர்வையில் ஊறிய கையுறையைப் பைக்குள் திணித்து மறுநாள் அப்படியே மாட்டினால் விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறும், நகச்சுத்தி வரும், படர்தாமரை பற்றும். அண்ணன் தம்பியும் அணித்தோழர்களும் ஒரே கையுறையை மாற்றி மாற்றிப் போட்டால் சொறி சிரங்கும் சேர்ந்து மாறும். பேட்டிங் கிளவுஸின் தடித்த திண்டு காய ரொம்ப நாள் ஆகும், உள்ளங்கைத் தோலோ ஊறி ஊறிக் காய்ந்து மொரமொரவென்று விறைத்துக் கொப்புளம் போடவைக்கும். மெல்லிய ஹாக்கிக் கையுறையை நல்ல தண்ணீரில் அலசி, விரல்கள் மேல்நோக்கி இருக்க மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டால் ஓர் இரவில் காய்ந்துவிடும். வெயிலில் போட வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தமானுக்கே உரியது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வட அந்தமானில் காய்ச்சலும் நுரையீரலில் இரத்தக்கசிவுமாக ஒரு நோய் ஆட்களைச் சாய்த்தது. காரணம் தெரியாததால் ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1983-இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் 1990களில் அது எலிக்காய்ச்சல்தான் என்று கண்டறிந்தது. எலி, மாடு, பன்றி போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, உரிந்த தோல் வழியாக உடம்புக்குள் ஏறுகிறது.

மழை விட்ட மறுநாள் மாடு மேய்ந்த மண் மைதானத்தில், உரிந்த முட்டியோடு மட்டையைத் தரையில் படுக்கவைத்து ஆடுகிறவரின் இடது கையை இப்போது நினைத்துப் பாருங்கள். பாதிவிரல் கையுறை அந்தச் சேற்றைப் புண்ணோடு சேர்த்து ஒரு மணி நேரம் ஒத்தி வைத்திருக்கிறது. புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி போட்டு மூடிய பிறகே கையுறை. ஆட்டம் முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது, தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் முன்பே நடக்க வேண்டும்.

சேற்றில் ஆடிய ஒன்று இரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் பாராசிட்டமாலோடு படுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரையே கேட்கும். நுரையீரலைத் தொட்டுவிட்டால் கதை வேறு. மருத்துவர் டெங்குவா மலேரியாவா என்று யோசித்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஹாக்கி ஆடியது அவருக்குத் தெரியாது. ‘போன வாரம் சேற்றில் ஆடினேன், கையில் புண் இருந்தது’ என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.