தலை சுற்றாவிட்டாலும் பிரஷர் இருக்கலாம்

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, பிறகு எதற்கு மாத்திரை?" மணமேல்குடி பகுதியில் இரத்த அழுத்தம் பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். இந்த நோயின் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இது எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

தமிழகத்தில் 2020ஆம் ஆண்டு நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கு. அவர்களில் அதை அப்போது கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். அந்தக் கணக்கின்படி, நூறு பேர் உள்ள ஒரு மஹல்லாவில் 34 பேருக்கு இந்நோய் இருந்தால், கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது குழாயின் சுவரில் உண்டாகும் அழுத்தத்தைத்தான் அளக்கிறார்கள். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய். கவனிக்காமல் விட்டால் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குழாய்கள் கெட்டு, பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஒருநாள் வெளிப்படும்.

வயதும் குடும்ப வழியும் நம் கையில் இல்லை. உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு, புகையிலை, அதிக உப்பு ஆகியவை நம் கையில் உள்ளவை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், குர்பானி இறைச்சியில் போடும் உப்புக்கண்டம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் சில வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும்.

அளவு குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. குறைந்ததே மாத்திரையால்தான். மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு முரணானதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ரமலானில் மாத்திரையை ஸஹர், இஃப்தார் நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதை நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகக் குறைக்கவோ விடவோ கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையும் நினைவிருக்கட்டும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அளந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத நம் தாய்மார்களுக்கு இது பெரிய உதவி.

இந்த வாரமே வீட்டில் 30 வயதைத் தாண்டிய அனைவரும் ஒருமுறை அளந்து பாருங்கள். கிடைத்த எண்ணை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை போனில் பேசும்போது, "அத்தாவுக்கு பிரஷர் எவ்வளவு, உம்மா மாத்திரை போட்டார்களா?" என்றும் கேளுங்கள்.