புள்ளிகள் கொடுத்த திராட்சைத் தோட்டம்

நாசிக் போகிறோம் என்று சொன்னதுமே அம்மா பஞ்சவடி, ராமகுண்டம், திரியம்பகேஸ்வரம் என்று வரிசையாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். தங்கப் போவது ஒயின் தயாரிக்கும் தோட்டத்துக்குள் இருக்கும் விடுதி என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. கசாரா மலைப்பாதை ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஓடுகிற காரிலிருந்து இறங்கிப் போய்விடவா முடியும்!

செம்பூரில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் எங்களுக்கு இப்படிப்பட்ட விடுதியெல்லாம் கட்டுப்படியாகிற சங்கதி இல்லை. வழி செய்தது கிரெடிட் கார்டுதான். "உங்கள் 28,400 புள்ளிகள் மார்ச் 31-ல் காலாவதியாகின்றன" என்று ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. இந்தப் புள்ளி விவகாரத்தில் நான் கற்றுக்கொண்டதை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய கார்டில் 150 ரூபாய் செலவழித்தால் 4 புள்ளி. அதையே பணமாகக் கேட்டால் புள்ளிக்கு 20 காசு. பொருளாகக் கேட்டால் யாருக்கும் வேண்டாத சூட்கேஸ். ஓட்டல் அறைக்கு என்றால் 50 காசு. ஆனால் வாடகையில் 70 சதவீதம் வரைதான் புள்ளியில் கழிக்கலாம். வரியோடு 18,000 ரூபாய் அறைக்கு 25,200 புள்ளிகள் போக, கையிலிருந்து 5,400 ரூபாய். சனிக்கிழமை என்றால் வாடகை கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆகவே நாங்கள் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். மகளுக்குப் பள்ளியில் வயிற்றுவலி என்று கடிதம் கொடுத்தது வேறு விஷயம்.

இகத்புரி தாண்டியதும் விஷயத்தைச் சொன்னேன்.

"சாராயம் காச்சுற எடத்துக்கா என்னைய கூட்டிட்டுப் போற?" என்றாள் அம்மா.

"சாராயம் இல்லம்மா, திராட்சை ரசம்."

"எங்கப்பாருக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சை. எனக்கே நீ ரசம் சொல்லித் தாறியா?"

அம்மா பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையின் பூமி அது. தாத்தாவின் தோட்டம் நான் பிறப்பதற்கு முன்பே கைமாறிவிட்டது. ஏன் விற்றார்கள் என்று கேட்டால், "மழை" என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள்.

கங்காபூர் அணையை ஒட்டிய அந்த வட்டாரத்தில் 2000-க்குப் பிறகுதான் ஒயின் தோட்டங்கள் பெருகின. அமெரிக்காவில் வேலையை விட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த் முதலில் சூலாவைத் தொடங்கினார். தாயார் சுலபாவின் பெயரைத்தான் சுருக்கி வைத்தார் என்று நான் சொன்னதும் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. "பெத்தவ பேர வச்சிருக்கானா? அப்ப நல்ல பையனாத்தான் இருப்பான்."

விடுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய கட்டில், கண்ணாடிச் சுவர், குளியலறையில் ஆறு விதமான துண்டு. காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தி. மற்ற வேளைக்கு விலைப்பட்டியலைப் பார்த்த என் மனைவி, கொண்டுவந்திருந்த புளியோதரைப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரித்தாள்.

அம்மா அறைக்குள் இருக்கவே இல்லை. நேரே கொடிகளுக்கிடையே போய் நின்றுவிட்டாள். கம்பத்தில் தலைக்கு மேலே பந்தல். நிழலில் நடந்துகொண்டே கொத்துக் கொத்தாகப் பார்க்கலாம். இங்கே ஒயின் திராட்சைக்குக் கம்பி கட்டி, இடுப்புயர வேலி மாதிரி வரிசை. அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். வெயில் ஏறினால் பழம் சூடாகிவிடும் என்று விடியற்காலையிலேயே கையால் வெட்டிக் கூடைகளில் அடுக்கிவிடுகிறார்கள். மிச்சமிருந்த ஒரு கொத்தை ஒரு தோட்டக்காரப் பெண்மணி அம்மாவிடம் நீட்டினாள். சின்னச் சின்னப் பழம், தடித்த தோல், விதை, தாங்க முடியாத தித்திப்பு.

"இதுல பழம் எங்க இருக்கு? கொட்டையும் தோலுந்தான்" என்ற அம்மா, கத்தரிப்பது போல விரலைக் காட்டி, "கவாத்து எப்ப?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்த அம்மாள் மராத்தியில் ஏதோ சொல்லி இரண்டு விரலைக் காட்டினாள். ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. பழம் என்னவோ ஒரு தடவைதான். "ரெண்டு வெட்டு, ஒரு வெளைச்சலா!" என்று அம்மா அங்கலாய்த்தாள். கம்பத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்குமே. நான் மொழிபெயர்க்கப் போனேன். இருவருக்குமே நான் தேவைப்படவில்லை.

மாலையில் ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு ஊற வைக்கிறார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. வெள்ளைக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து, குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். ருசி பார்க்கக் கொடுத்தபோது நானும் மனைவியும் அம்மாவைப் பார்த்தோம். "குடிங்க, காசு குடுத்துருக்கோம்ல" என்று சொல்லிவிட்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இரவு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டாள். "ஏப்பா, சும்மா எவன் ரூம் குடுப்பான்? அந்தப் புள்ளி எப்படி வந்துச்சு?"

மழுப்பப் பார்த்தேன். முடியவில்லை. முந்தைய வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளில் 6,75,000 ரூபாயைக் கார்டில் தேய்த்திருந்தேன். அதற்கு மட்டும் 18,000 புள்ளிகள். அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வர முடியவில்லை. புள்ளிகள் மட்டும் அடுத்த மாதக் கணக்கில் ஏறியிருந்தன. அதைத் தொடவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. காலாவதி என்று வந்திராவிட்டால் இப்போதும் தொட்டிருக்க மாட்டேன்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. தோட்டத்துப் பக்கம் தவளைச் சத்தம் மட்டும். பிறகு, "உங்கப்பாரு கல்யாணம் ஆன புதுசுல எங்க தோட்டத்துக்கு வந்தாக. பந்தல்ல தலை இடிச்சுக்கிட்டாக. அவ்வளவு ஒசரம்" என்றாள். சற்று நேரம் கழித்து, "இங்கன இடிச்சிருக்காது" என்றாள்.

மறுநாள் ராமகுண்டத்தில் குளித்து, பஞ்சவடி பார்த்துவிட்டுத் திரும்பினோம். மீதி 3,200 புள்ளிகள் இருந்தன. வரும் வழியில் மகள் போனில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்கு ஒரு சுவர்க்கடிகாரம் கிடைக்குமாம்.

"வாங்கிப் போடு. கூடத்துல இருக்கிறது பத்து நிமிஷம் பிந்தி ஓடுது" என்றாள் அப்பத்தா.