புதுப்பித்த ஆயில் இஞ்சினை முதன்முறை ஓட்டும் முறை

கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பிப் பயிரிடும் நிலங்களில், மின்சார இணைப்புக் கிட்டாத இடங்களிலும் மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் டீசல் ஆயில் இஞ்சினே விவசாயிக்குக் கைகொடுக்கிறது. பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த இஞ்சினைப் பட்டறைக்கு அனுப்பி, லைனர், பிஸ்டன், ரிங்குகள், பேரிங்குகள் முதலியவற்றை மாற்றிப் புதுப்பிப்பது வழக்கம். இதற்காகும் செலவு அற்பமன்று. அவ்வாறு புதுப்பித்த இஞ்சின், பயிர் கதிர் வாங்கும் தருணத்தில் நின்றுவிடுமாயின் பணமும் பயிரும் ஒருங்கே நஷ்டமாகும். அப்பொழுது பழி மெக்கானிக்கின் மீது விழுகிறது. ஆயினும் வேலை செம்மையாக முடிந்த இஞ்சினும் முதல் ஒரு மணி நேரக் கவனக்குறைவால் கெடுவதுண்டு.

முதல் ஓட்டத்தின் முக்கியத்துவம்

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரிலிருந்த லிஸ்டர் கம்பெனியாரின் மந்தகதி இஞ்சினைப் பின்பற்றிக் குஜராத்திலுள்ள ராஜ்கோட்டில் ஏராளமான இஞ்சின்கள் செய்யப்பட்டன. அவ்வகையில் 6 குதிரைசக்தியுள்ள இஞ்சின் நிமிஷத்திற்கு 650 சுற்றுச் சுற்றுவது. பட்டறையில் பல நாள் கிடந்த இஞ்சினில், பூட்டும்போது தடவிய எண்ணெய் வழிந்து போயிருக்கும். அதனை அப்படியே ஓட்டினால், எண்ணெய் வந்து சேருமுன் கழியும் ஒவ்வொரு நிமிஷத்திலும் 650 முறை இரும்பும் பேரிங் உலோகமும் நேருக்கு நேர் உராயும். புதிய பேரிங் கீறுண்டு பிடித்துக்கொள்ள இது போதுமானது.

ரிங்குகளின் தன்மை வேறு. புதிய ரிங்கும் புதிய லைனரும் ஒன்றோடொன்று சற்றே தேய்ந்து பொருந்தினாலன்றி அழுத்தம் காக்கப்படாது. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதனை லைனர் சுவரோடு நெருக்கும்போதுதான் இப்பொருத்தம் உண்டாகும். பாரம் இல்லாது ஓடும் இஞ்சினில் அவ்வழுத்தம் குறைவு. ஆகவே பேரிங்கிற்கு முதலில் வேண்டுவது எண்ணெய். ரிங்கிற்குப் பின்னர் வேண்டுவது அளவான பாரம். பின்வரும் முறைகள் யாவும் இவ்விரண்டையும் பற்றியனவே.

ஓட்டுவதற்கு முன்

1. சம்பில் துணியிழை, இரும்புத்தூள், மணல் முதலியன இல்லையென்று உறுதி செய்துகொண்டு, தயாரிப்பாளர் குறித்த தரமுள்ள புதிய எண்ணெயை அளவுகோலின் மேற்குறி வரையில் ஊற்றுதல் வேண்டும். வால்வுத் தண்டுகளுக்கும் ராக்கர்களுக்கும் கையால் எண்ணெய் விடுதல் வேண்டும்.

2. டீ-கம்ப்ரஷன் லீவரை உயர்த்தி, பிளைவீலைக் கையால் மெல்ல இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுக. நான்கு வீச்சு இஞ்சினின் ஒரு முழு வட்டம் அதில் அடங்கும். எங்கேனும் தட்டினால் பலவந்தமாய்ச் சுற்றலாகாது. காரணம் அறிந்து நீக்குக. தடையின்றிச் சுற்றினால், ஹேண்டிலால் மேலும் பல சுற்றுச் சுற்றி எண்ணெய் பரவச் செய்க. எண்ணெய்ப் பம்பு உள்ள இஞ்சினாயின், எண்ணெய் வந்து சேர்வது கண்ணுக்குத் தெரியும் வரையில் சுற்றுதல் அவசியம்.

3. குளிர்விக்கும் தண்ணீர் நிரம்பியிருத்தல் வேண்டும். இறைக்கும் நீரையே குளிர்ச்சிக்கு விடும் அமைப்பில், பெல்ட் மாட்டும் வரையில் நீர் வராது. ஆகையால் உயரத்தில் ஒரு பீப்பாய் நீர் வைத்துக் குழாயால் இணைக்கலாம்.

4. டீசலை வடிகட்டி ஊற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுக. காற்றுத் திருகைத் தளர்த்தினால் முதலில் குமிழிகளும் பின்னர் குமிழியற்ற டீசலும் வரும். அதன்பின் திருகை இறுக்குக. பிறகு இஞ்சினைச் சுற்றும்பொழுது இஞ்செக்டரில் 'கிறீச்' என்ற ஒலி கேட்கும்.

5. கவர்னர் தண்டைக் கையால் அசைத்து, அது நிறுத்தும் நிலை வரையில் தடையின்றிச் செல்வதைப் பார்த்தல் மிக முக்கியம். இது சிக்கிக்கொண்டால் இஞ்சின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடிப் பிளைவீல் சிதறவும் கூடும். காற்று புகும் துவாரத்தை மூடுவதற்கேற்ற தட்டையான பலகை ஒன்றை அருகில் வைத்திருக்க வேண்டும். கையாலோ துணியாலோ அதனை மூட முயலலாகாது.

முதல் பத்து நிமிஷம்

இருவர் இருத்தல் நலம்: ஒருவர் ஹேண்டில் சுற்றவும், மற்றவர் டீசலை நிறுத்தும் நிலையில் நிற்கவும். வேஷ்டியை இறுகக் கட்டி, மேல்துண்டை அகற்றிவிட வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்கட்டும்; பின்னடித்தால் கை தப்பும். புகைக்குழாய் கொட்டகைக்கு வெளியே செல்லுதல் வேண்டும்.

பெல்ட் இல்லாமல் ஐந்து முதல் பத்து நிமிஷம் ஓட்டி, எண்ணெய், தண்ணீர், ஒலி ஆகிய மூன்றையும் கவனிக்க. தட்டும் ஓசை கேட்டாலும், எண்ணெய் வராவிடினும் உடனே நிறுத்துக. நிறுத்தியவுடன் கிராங்க் பெட்டியின் மூடியைத் திறப்பது ஆபத்து. உள்ளே சூடேறிய எண்ணெய்ப் புகை காற்றோடு கலந்து தீப்பற்றக்கூடும். கால் மணி நேரம் ஆறவிட்டுத் திறந்து, பேரிங்குகளைத் தொட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மிகுந்த சூடாயிருப்பின் அங்கே எண்ணெய் குறைவென்றோ இடைவெளி போதாதென்றோ அறியலாம். சூடேறிய இஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென விட்டால் ஹெட் வெடிக்கும்.

பாரம் ஏற்றுதல்

ரிங் பொருந்தட்டும் என்று நாள் முழுதும் இஞ்சினை வெறுமனே ஓடவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இது நன்மையன்று. பாரமின்றி நெடுநேரம் ஓடினால் லைனர் சுவர் கண்ணாடிபோல் பளபளப்பேறி, ரிங் பொருந்தாமலே போகும். பின்னர் எண்ணெய் எரிந்து நீலப்புகை ஓயாது. சோதனை முடிந்தவுடன் பெல்ட்டை மாட்டி, வெளியேற்றும் குழாயின் வால்வைச் சிறிதளவே திறந்து, ஏறக்குறைய அரைப் பாரத்தில் நீர் இறைக்கலாம். பின்பு சில மணி நேரத்திற்கு ஒருமுறை படிப்படியாய் உயர்த்துக. கரும்புகை கண்டால் பாரம் மிகுதியென்று கொண்டு குறைத்தல் வேண்டும். தொடக்கத்தில் சிறிது நீலப்புகை இயல்பே. அது நாளுக்கு நாள் குறைந்து வரவேண்டும்.

இஞ்சின் ஆறிய பின் ஹெட் நட்டுகளைத் தயாரிப்பாளர் கூறிய வரிசையில் மீண்டும் இறுக்கி, டாப்பெட் இடைவெளியையும் சரிபார்த்தல் வேண்டும். முதல் 25 முதல் 50 மணி நேரத்திற்குள் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். புதிய பாகங்கள் தேய்ந்த இரும்புத்தூள் அதில் கலந்திருக்கும். அதனைச் சிக்கனம் கருதி வைத்திருப்பது பேரிங்கை அரைப்பதற்குச் சமம்.

இஞ்சினைப் பலர் கூட்டாக வைத்திருக்கும் கிராமங்களில், ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், கண்ட குறை ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருமாறு கிராம அதிகாரிகள் தூண்டுதல் வேண்டும். குறை நேர்ந்தால் அது பட்டறை வேலையாலா, ஓட்டிய முறையாலா என்று வழக்கின்றி அறிய அது உதவும். தண்ணீர் அவசரமாய்த் தேவைப்படும் நாளுக்குப் பத்து நாள் முன்னரே இஞ்சினைப் பட்டறையினின்று பெற்று, நிதானமாய் முதல் ஓட்டத்தை முடித்துக்கொள்வோர்க்குப் பயிர் காயும் கவலை குறையும்.