சோப்பு நுரையும் பீடித் தூளும்

குற்றாலத்து அருவிகளில் சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது. எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் சேர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது. ஆனால் இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட சோப்பு விளம்பரம் ஓர் அருவியில்தான் படமானது. 1975இல் வந்த லிரில் விளம்பரம் அது. உருவாக்கியது லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சி, குளித்தவர் காரென் லூனல், இடம் கொடைக்கானலை அடுத்த பாம்பார் அருவி. வீட்டுப் பெண்ணுக்கு நாள் முழுக்க அவளுக்கே அவளுக்கென்று கிடைப்பது குளியலறையில் இருக்கும் பத்து நிமிடம்தான், அந்த நேரத்தில்தான் அவள் கனவு காண்கிறாள் என்பது பதம்சியின் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கனவைப் படமாக்க ஆள் அரவமே இல்லாத ஓர் அருவி தேவைப்பட்டது. ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் பேரருவிக்கு வந்து பாருங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஈரச் சேலையோடு, வீறிடும் பேரனை இடுப்பில் இடுக்கியபடி தண்ணீருக்குள் தலையை நுழைக்கும் ஆச்சி. போதும் போதும் என்று விரட்டும் போலீஸ் விசில். உச்சியிலிருந்து வரும் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து வேகம் தணிந்து இறங்குவதால்தான் இத்தனை தலைகளும் அதைத் தாங்குகின்றன. இங்கே யாரும் தனியாகக் குளிப்பதில்லை. ஒரு பொருளை விற்க வருகிற விளம்பரம் முதலில் செய்வது, படத்திலிருந்து ஆட்களை அப்புறப்படுத்துவது.

அப்புறப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கதைதான் ‘மேட் மென்’. மாத்யூ வெய்னர் உருவாக்கிய இந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2007 முதல் 2015 வரை 92 பகுதிகள் ஓடியது. கதை நடக்கும் காலம் 1960 முதல் 1970 வரை. களம் நியூயார்க்கின் விளம்பர அலுவலகங்கள். நாயகன் டான் டிரேப்பரின் பெயரே அவனுடையதில்லை. கொரியப் போரில் செத்த அதிகாரி ஒருவரின் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டவன். பழைய சரக்குக்குப் புது லேபிள். கோடாக் கம்பெனியின் ஸ்லைடு புரொஜெக்டரை விற்க அவன் தன் மனைவி, பிள்ளைகளின் படங்களையே ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிப் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அழுகையை அடக்க முடியாமல் எழுந்து ஓடுகிறார். அன்று அவன் வீடு திரும்பும்போது வீட்டில் யாரும் இல்லை. செயலாளராக வந்து விளம்பரம் எழுதும் நாற்காலிக்கு ஏறும் பெக்கி, பெற்ற குழந்தையை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அந்த ஏற்றத்தைத் தொடர்கிறாள். நம் சீரியல்களில் வருகிற மாமியார், மருமகள் போல இவர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரித்து வைக்க முடியாது. இதை எழுத்தாளரின் உளவியல் நுட்பம் என்று பாராட்டுவார்கள். எனக்கென்னவோ அவர்கள் செய்கிற தொழிலே அவர்களை அப்படி ஆக்கியதாகத்தான் படுகிறது. காலையிலிருந்து ஒவ்வொரு பொருளிலிருந்தும் அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரை நீக்கிக்கொண்டே இருப்பவர், சாயங்காலம் தன்னிடமிருந்தும் எதையோ நீக்கிவிட்டுத்தானே வீடு போவார்?

இதற்கு நல்ல சாட்சி தொடரின் முதல் பகுதி. சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்ற பேச்சு எழுந்துவிட்டது. லக்கி ஸ்ட்ரைக் முதலாளிகள் கையைப் பிசைகிறார்கள். உங்கள் சிகரெட்டை எப்படிச் செய்கிறீர்கள் என்று டான் கேட்கிறான். விதை போடுகிறோம், வெயிலில் வளர்க்கிறோம், அறுக்கிறோம், பதப்படுத்துகிறோம், வறுக்கிறோம் என்று அடுக்குகிறார் முதலாளி. வறுத்தது என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறான் டான். எல்லாக் கம்பெனியும்தான் வறுக்கிறது. ஆனால் முதலில் சொல்பவருக்கே அது சொந்தம். (நிஜத்தில் அந்த வாசகம் 1917லேயே வந்துவிட்டது, தொடர் அதை டானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது.) முதலாளியின் பதிலைத் திரும்பப் படியுங்கள். அத்தனை வேலையும் நடக்கிறது, வேலை செய்கிற ஒரு ஆள்கூட இல்லை. நியூயார்க்கில் இருந்து பார்த்தால் இது கண்ணில் படாமல் போகலாம். குற்றாலத்தை ஒட்டிய தென்காசியில் இருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். கடையத்திலும் ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் புகை என்றால் பீடி சுற்றும் பெண்களின் விரல்கள். மடியில் சுளகு; நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனிக் கடையில் சரியில்லை என்று கழித்ததற்குக் காசு கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் புகைத்திராதவர்கள். தூள் மட்டும் மூக்கில் ஏறியபடி இருக்கும்.

ஒரு தொடர் எல்லாவற்றையும் காட்ட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளம்பரம் நீக்கியவற்றில் பலவற்றை மேட் மென் திரும்பக் கொண்டுவரவும் செய்கிறது. லக்கி ஸ்ட்ரைக் கைவிட்டுப் போனதும், இனிப் புகையிலைக்கு விளம்பரம் செய்யமாட்டேன் என்று டான் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்கம் எழுதுகிறான். கையில் சிகரெட் அப்படியே புகைகிறது. கடைசியில் அவனுடைய முன்னாள் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய். ஆக, புகைத்தவரின் நெஞ்சு வரை தொடர் வருகிறது. சுருட்டியவரின் கைக்கு வரவில்லை. வீட்டு வேலைக்காரி கார்லாவுக்கும் லிஃப்ட் இயக்குபவருக்கும் முகம் கொடுக்கத் தெரிந்த கேமராவுக்கு இது முடியாத காரியமில்லை. தொடரே ஒரு விளம்பரம்தான் என்று இன்னொரு குற்றச்சாட்டு உண்டு. 2011இல் பனானா ரிபப்ளிக் நிறுவனம் மேட் மென் பெயரிலேயே துணிமணிகள் விற்றது என்பதால் அதை முழுக்க மறுக்க வழியில்லை.

இதெல்லாம் அமெரிக்க விவகாரம், நம் பக்கம் இப்படிப்பட்ட ஆட்கள் ஏது என்பாருக்குக் கோவில்பட்டியைக் காட்டலாம். ரமணாசிரமத்தில் துறவியாக இருந்துவிட்டு, நாடகத் திரை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜு 1976இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் தங்கள் பெயரைப் போட்டு இலவசமாகக் கொடுக்கும் காலண்டர்களாக ஊர் ஊராகப் போயின. துறவியின் தெய்வங்கள் யார் யாருடைய சரக்குக்கோ முகமாயின. நியூயார்க் விளம்பரக்காரர்களின் மேடிசன் அவென்யூவே பொறாமைப்படும் கதாபாத்திரம். எனக்குத் தெரிந்து எந்த ஓடிடிக்காரரும் இன்னும் தொடவில்லை. எடுத்தால், முதல் காட்சியைப் பேரருவியில் வைக்க வேண்டாம். கடையம் பக்கம் ஒரு வீட்டின் முன்னறை போதும். சுவரில் உள்ளங்கையிலிருந்து காசு கொட்டும் லட்சுமி, பாதத்துக்குக் கீழே கம்பெனி பெயர், அதற்கும் கீழே சுளகை மடியில் வைத்து ஒரு பெண். இருட்டுவதற்குள் ஆயிரத்துக்கு இன்னும் நாற்பது குறைகிறது.