கூரையை முதலில், கிரில்லைப் பிறகு

எதிர்த் திசையில் ஒரு பழைய கார் வந்தால் அதைப் பார்த்து முடிக்க நமக்குக் கிடைப்பது நாலைந்து விநாடிதான். அதற்குள் பெரும்பாலோர் தேடுவது முன்பக்கத்து முத்திரையை. அது பல நேரம் கைகொடுப்பதில்லை. டிங்கரிங் பட்டறையில் கழற்றியபோது தொலைந்திருக்கும், அல்லது கம்பெனியே வேறொரு முத்திரையைக் குத்தி விற்றிருக்கும். இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் இந்தியாவில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்று வந்தது. அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று ஓடிய வண்டி சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. பழைய கார்களை அடையாளம் காணப் பழகியவர்கள் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். முதலில் கூரையின் வளைவு, அடுத்து பின்கண்ணாடி டிக்கியில் வந்து இறங்கும் இடம், அதற்கடுத்து கதவின் கீல் எந்தப் பக்கம் என்பது. இந்த வரிசையில் பார்த்தால் முத்திரையே தேவைப்படாது.

இந்த வரிசைக்குக் காரணம் தொழிற்சாலையில் இருக்கிறது. காரின் கூரை, கதவு, மட்கார்டு எல்லாம் இரும்புத் தகட்டைப் பெரிய அச்சுகளுக்கிடையே கொடுத்து அழுத்தி எடுக்கப்படுபவை. ஒரு கூரைக்கு அச்சு செதுக்க ஆகும் செலவு மிகப் பெரியது. அதை ஈடுகட்ட ஒரே கூரையைப் பல வருடம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிரில் அப்படியில்லை. சின்ன உறுப்பு, கழற்றி மாட்டுவது எளிது, பார்ப்பவர் கண்ணில் உடனே படும். ஆகவே 'புது மாடல்' என்று சொல்லிக்கொள்ளக் கம்பெனிகள் கிரில்லையும் விளக்குகளையும் மாற்றின, கூரையைத் தொடவில்லை. நாம் இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கலாம். வண்டி எந்தக் குடும்பம் என்று கூரை சொல்லும், எந்தக் காலம் என்று கிரில் சொல்லும்.

நம் ஊரில் இதைப் படித்துப் பழக அம்பாசிடரை விட நல்ல பாடம் கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் உடலை எடுத்துக்கொண்டு, 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய வண்டி இது. உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில். அரை நூற்றாண்டுக்கு மேல் அதே உருண்டைக் கூரை, அதே நிமிர்ந்த முன்கண்ணாடி, இடுப்பில் அதே புடைப்பு. தூரத்தில் வரும்போது கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்த வண்டிக்கும் 2010இல் பதிவான வண்டிக்கும் வேறுபாடு தெரியாது. பக்கத்தில் வந்ததும் கிரில்லைப் பாருங்கள். நெருக்கமான சிறு கட்டங்களாக இருந்தால் அது மார்க் 2, 1960களின் தொடக்கத்தில் வந்த முகம். 1975இல் மார்க் 3 வந்தபோது முன்பக்கத்தைக் கணிசமாகத் திருத்தினார்கள். 1979இன் மார்க் 4இல் கிரில் உயரம் குறைந்து தட்டையானது, கட்டங்கள் பெரிதாகின, பார்க்கிங் விளக்குகள் சதுரமாகித் தனியே உட்கார்ந்தன. இன்று சாலையில் அகப்படுபவற்றில் பெரும்பாலானவை மார்க் 4உம் அதற்குப் பிந்தியவையும்தான். மார்க் 2 ஒன்று கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்க்கலாம், தகும்.

அம்பாசிடருக்கு ஓர் அண்ணன் உண்டு, லேண்ட்மாஸ்டர். 1954இல் தொடங்கி அம்பாசிடர் வரும்வரை ஓடியது. அது ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசையின் வார்ப்பு. கூரையும் கதவுகளும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பலரும் இதையும் அம்பாசிடர் என்றே சொல்லிவிடுகிறார்கள். பிரித்தறிய பின்பக்கம் போக வேண்டும். அம்பாசிடரின் பின் மட்கார்டு முனையில் சின்னதாக ஒரு துடுப்பு நிமிர்ந்து நிற்கும். லேண்ட்மாஸ்டரின் முதுகு அது இல்லாமல் வழிந்து இறங்கும்.

துடுப்பு என்று சொன்னதும் அதன் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல், இரட்டை வால் கொண்ட லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் அழகில் மனம் பறிகொடுத்தார். அவர் குழு வரைந்த 1948ஆம் வருடத்து காடிலாக்கின் பின்விளக்குகள் இரண்டு சிறு வால்களாக எழுந்தன. பத்தே வருடத்தில் அந்த வால்கள் அமெரிக்காவில் அளவுமீறி வளர்ந்தன. 1959ஆம் வருடத்து காடிலாக் அதன் உச்சம். காற்றைக் கிழிக்கவோ வண்டியை நிலைநிறுத்தவோ அவற்றுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை, முழுக்க முழுக்க அழகுக்குத்தான். ஆனால் அந்த மோகம் ஐரோப்பா போய், அங்கிருந்து நம் தெருவுக்கும் வந்தது. நம் தெருவில் ஒரு காருக்குத் துடுப்பு இருந்தால் அது 1950களின் நடுவிலிருந்து 1960களின் தொடக்கத்துக்குள் வரையப்பட்டது என்று துணிந்து சொல்லிவிடலாம். செய்யப்பட்ட வருடம் வேறாக இருக்கலாம். பிரீமியர் பத்மினி அதற்கு நேரடி சாட்சி. இத்தாலியின் ஃபியட் 1100இன் வடிவத்தை பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்தது. 1964 முதல் வந்தது துடுப்பு வைத்த '1100டி'. 1974இல் அதற்குப் பத்மினி என்று பெயர் மாறியது. ஒல்லியாக நெட்டுக்குத்தாக நிற்கும் பின்விளக்கும் அதன் மேல் கூர்மையான விளிம்பும்தான் அடையாளம். அம்பாசிடரின் பருத்த உடம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பத்மினி இடுப்பு சிறுத்த வண்டி. அதற்கும் முந்திய, 1950களில் வந்த முதல் 1100களில் முன்கதவின் கீல் பின்பக்கத்தில் இருக்கும், கதவு முன்னிருந்து பின்னாகத் திறக்கும். கதவின் கைப்பிடி முன் ஓரத்தில் இருப்பதை ஓடும் வண்டியிலேயே பிடித்துவிடலாம்.

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகப் பத்மினி 2023 அக்டோபர் வரை ஓடியது. டாக்சிகளுக்கு அங்கே இருந்த 20 வருட வயது வரம்பு முடிந்து கடைசி வண்டியும் சாலையை விட்டு இறங்கியது.

என்னைக் கேட்டால், இந்திய சாலையில் ஓடிய கார்களிலேயே வடிவத்தில் அதிகம் சொல்லத் தகுந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் செய்த வண்டி. வரைந்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோட்டி. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தபோது மற்றக் கம்பெனிகள் அடித்தளச் சட்டத்தை விட்டுவிட்டு உடலையே சட்டமாக்கிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழையபடி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து வந்தது. அதற்குப் பின்னால் ஒரு தொழில் நெருக்கடி இருக்கிறது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு முழு உடல்களை அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர வேறு ஆள் இல்லை. எனவே உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, சட்டத்தின் மேல் போல்ட் போட்டுச் சேர்க்கும்படி ஹெரால்டைத் திட்டமிட்டார்கள்.

அந்தத் துண்டுகளின் தையல்தான் இன்றைக்கு நமக்கு அடையாளம். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. திறந்தால் வண்டியின் மூக்கு முழுவதும் முன்னால் சாய்ந்து, எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மூடியிருக்கும்போதும் முன்கதவுக்குச் சற்று முன்னால் மேலிருந்து கீழாக ஓடும் இடைவெளிக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். கூரையும் தனித் துண்டு, கழற்றி எடுக்கக்கூடியது. அதனால் திறந்த கூரை மாடல் செய்வது கம்பெனிக்குச் சுலபமாக இருந்தது. ஹெட்லைட்டின் மேல் புருவம் போல் நீளும் தகடு இன்னொரு அடையாளம். தனிச் சட்டத்தால் கிடைத்த மற்றொரு வசதி, முன்சக்கரங்களை மிகக் கூர்மையாகத் திருப்ப முடிந்தது. சுமார் 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்டு திரும்பிவிடும், இன்றைய சிறிய கார்களுக்கே அது கஷ்டம். மூலத்தில் இரண்டு கதவு வண்டியான இதற்கு இந்தியாவில் 1968இல் நாலு கதவு வைத்தார்கள். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கு மட்டுமே உரியது. அதை வெளிநாட்டுக்காரர் பார்த்தால் வியந்து நிற்பார்.

மோரிஸ் மைனரில் ஒரு முடிவு பானெட்டிலேயே பதிந்துபோயிருக்கிறது. 1948இல் வெளிவரவிருந்த வண்டி, முந்தைய வருடக் கடைசியில் ஏறக்குறையத் தயாராக இருந்தது. வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்கு அகலம் போதவில்லை. மாதிரி வண்டியை நடுவில் நெடுக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதிகளையும் விலக்கிவைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். அந்த 4 அங்குலம் பானெட்டின் நடுவில் தட்டையான பட்டையாக இன்றும் ஓடுகிறது. அதற்குள் பம்பர்களைச் செய்து முடித்திருந்ததால், முதல் வண்டிகளில் பம்பரை நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். ஆரம்ப மைனர்களின் ஹெட்லைட் கிரில்லுக்குள் தாழ்வாக இருக்கும். அமெரிக்காவின் விளக்கு உயர விதிக்காகப் பின்னர் அது மட்கார்டின் மேல் ஏறியது. 1956 வரை முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியோடு இரண்டாகப் பிரிந்திருக்கும், அதன் பிறகு ஒரே வளைந்த கண்ணாடி. வளைந்த பெரிய கண்ணாடியை மலிவாகச் செய்ய முடியாத காலத்தில் இரண்டு தட்டைத் துண்டுகளைக் கோணமாகச் சேர்ப்பதே வழி. மற்ற எந்தக் காரிலும் முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்திய வடிவம் என்று கணக்குப் போடலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இதே சேதியைப் பின்கண்ணாடி சொல்கிறது. 1953 தொடக்கம் வரை இரண்டு துண்டு, 1957 வரை ஒரு முட்டை வடிவம், அதற்குப் பிறகு அகன்ற செவ்வகம்.

இலங்கைக்குப் போனால் மைனர்களும் ஆஸ்டின்களும் அதிகம். யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் அண்மைக் காலம்வரை வாடகைக் கார்களாகவே ஓடியவை. போர்க்காலத்தில், 1990களில், பெட்ரோல் அங்கே போகத் தடை. புது வண்டிகள் முடங்கிவிட, கிழட்டு வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டரில் துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இந்தப் பழைய எஞ்சின்கள் எரிபொருள் கலவையை அழுத்தும் விகிதம் குறைவு, அதனால்தான் அந்த மட்டமான எண்ணெயையும் தட்டாமல், பொறுத்துக்கொண்டு எரித்தன. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அந்த வண்டிகள். அவற்றை வெறும் பழம்பொருளாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கேம்பிரிட்ஜ்தான் இந்தக் கலையில் கடினமான பரீட்சை. 1950களில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் இத்தாலியின் பினின் ஃபரீனாவிடம் ஒரே ஓர் உடலை வரையச் சொல்லி வாங்கி, அதை ஆஸ்டின், மோரிஸ், வூல்ஸ்லி, ரைலி, எம்.ஜி. என்று ஐந்து பெயர்களில் விற்றது. கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் ஒன்றே. இங்கே மட்டும் கூரையை விட்டுவிட்டு முகத்துக்குத்தான் போக வேண்டும். ஆஸ்டினுக்கும் மோரிசுக்கும் அகலக் கிரில். மற்ற மூன்றுக்கும் நடுவில் உயர்ந்து நிற்கும் தனித்தனிக் கிரில். இருட்டில் வூல்ஸ்லியை மட்டும் தவறவே விட முடியாது, அதன் கிரில்லின் உச்சியில் உள்ள முத்திரைக்குள் சிறு பல்பு எரியும். வயதைப் பின்துடுப்பு சொல்லும். 1959இன் கேம்பிரிட்ஜ் ஏ55இல் துடுப்பு கூராக நீளும், 1961இன் ஏ60இல் அதை நறுக்கிவிட்டார்கள். இந்தக் குடும்பத்தோடு குழப்பும் இன்னொரு வண்டி பிரான்சின் பெஜோ 404. அதுவும் அதே ஃபரீனா பட்டறையின் கைவேலை. எஞ்சினை 45 பாகை சாய்த்துப் படுக்கவைத்ததால் அதன் பானெட் தாழ்ந்திருக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

நம்பர் பிளேட்டிலும் இப்போது ஒரு தடயம் சேர்ந்திருக்கிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டியை 'விண்டேஜ்' என்று தனியே பதிவு செய்யலாம். மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம்.

கண்ணைப் பழக்க விரும்புபவர்கள் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய்வரலாம். நிற்கும் வண்டியைச் சுற்றிவந்து கூரை, கீல், தையல் கோடு என்று வரிசையாகப் பார்த்துவிட்டால், பிறகு ஓடும் வண்டியில் அவை தாமாகக் கண்ணில் படும்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ உறவினர் தோப்பிலோ தார்ப்பாய்க்குள் ஒரு ஹெரால்டோ பத்மினியோ கிடந்தால், பட்டறைக்கு அனுப்புமுன் ஒன்று செய்யுங்கள். நாலு பக்கமும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, கழற்றும் கிரில், விளக்கு வளையம், பம்பர், முத்திரை எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் வாங்கி வைத்துவிடுங்கள். அலாய் சக்கரமும் புது மாடல் விளக்கும் போட்டுவிட்டால் வண்டி ஓடும், ஆனால் மூல வடிவம் என்ற தகுதி போய்விடும். அந்த மூல உறுப்புகள் இப்போது எளிதில் கிடைக்காது.